கோப்பை கிட்டாத வீரர்



பந்தாட்டம் என்றால் காலால் உதைக்கும் பந்துதான் நம் நினைவுக்கு வரும். அமெரிக்காவில் அவர்கள் ‘ஃபுட்பால்’ என்று அழைக்கும் ஆட்டமோ வேறு. பந்து முட்டை வடிவில் இருக்கும். அதைக் கையில் ஏந்தி ஓடலாம், தூர எறியலாம். பந்து கையில் உள்ள அணி நான்கு முயற்சிகளுக்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும். தவறினால் பந்து எதிரணிக்குப் போய்விடும்.

அந்த அணியின் மூளையாக இருப்பவர் ‘குவாட்டர்பேக்’. பந்தை ஓடுபவரிடம் கொடுப்பதா, தொலைவில் உள்ள தோழருக்கு எறிவதா என்று ஓரிரு நொடியில் அவர் முடிவு செய்ய வேண்டும். ஒன்றை மறந்துவிடாதீர்கள். எதிரணியிடம் பந்து இருக்கும்போது குவாட்டர்பேக் களத்தில் நிற்பதில்லை. தடுத்து ஆடுவதற்கென்றே வேறு 11 பேர் இறங்குவார்கள்.

இந்த ஆட்டத்தில் ஓய்வு பெற்ற ஒருவரைப் பற்றிய வழக்கு நெடுங்காலமாக நடந்து வருகிறது. அவர் பெயர் டேன் மரீனோ. அவரை மாபெரும் வீரர் என்று சொல்லலாமா, கூடாதா என்பதே வழக்கு.

மரீனோ 1961-ஆம் ஆண்டு பிட்ஸ்பர்க் நகரில் பிறந்தார். தந்தை நாளிதழ்களை வண்டியில் ஏற்றிச் சென்று போடும் தொழிலாளி. 1983-இல் தொழில்முறை அணிகள் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது, மரீனோவுக்கு முன்பாக 26 பேர் எடுக்கப்பட்டனர். அவர்களில் ஐவர் குவாட்டர்பேக்குகள். 27-ஆவதாக மயாமி அணி அவரை எடுத்தது.

அடுத்த ஆண்டே நாடு வியந்தது. 1984 பருவத்தில் மரீனோ எறிந்து சேர்த்த தூரம் 5,084 கெஜம். ஒரே பருவத்தில் 5,000 கெஜத்தை அதுவரை எவரும் தாண்டியதில்லை. அவர் எறிந்த பந்தால் கிடைத்த ‘டச் டவுன்’ 48. அதற்கு முந்தைய சாதனை 36 தான். 48 என்ற எண்ணை 2004 வரையிலும், 5,084 என்ற எண்ணை 2011 வரையிலும் ஒருவராலும் மிஞ்ச முடியவில்லை. 17 பருவங்கள் ஆடி, 2000-ஆம் ஆண்டு ஓய்வு பெற்றபோது அவர் கணக்கில் 61,361 கெஜம் இருந்தது. மைலில் சொன்னால் ஏறத்தாழ 35 மைல்!

இனி எதிர்த்தரப்பைக் கேட்போம். “எண் இருக்கட்டும், கோப்பை எங்கே?” என்பது அவர்கள் கேள்வி. ‘சூப்பர் பௌல்’ என்னும் இறுதிப் போட்டியில் மரீனோ ஒரே ஒரு முறைதான் ஆடினார். 1985 ஜனவரியில் நடந்த அந்த ஆட்டத்தில் சான் பிரான்சிஸ்கோ அணி 38-க்கு 16 என்று மயாமியை வீழ்த்தியது. மரீனோ எறிந்த பந்துகளில் இரண்டு எதிரணியின் கையில் போய் விழுந்தன. அன்று வென்ற ஜோ மொன்டானா தம் வாழ்நாளில் நான்கு முறை கோப்பையை வென்றார். முக்கியமான நாளில் வெல்பவரே பெரியவர் என்பது இவர்கள் வாதம். இதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஆட்டம் ஆடுவதே வெல்வதற்காகத்தானே?

ஆனால் இன்னொருவரையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். மரீனோவுடன் அதே 1983-இல் முதலாவதாக எடுக்கப்பட்டவர் ஜான் எல்வே. அவர் 1987, 1988, 1990 ஆகிய ஆண்டுகளில் மூன்று இறுதிப் போட்டிகளில் தோற்றார். 1995-இல் டெரல் டேவிஸ் என்ற சிறந்த ஓட்டக்காரர் அவருடைய டென்வர் அணிக்கு வந்து சேர்ந்தார். 1998 ஜனவரியில் எல்வே முதன்முறையாகக் கோப்பையை வென்றார். அப்போது அவருக்கு வயது 37. அன்று அவர் எறிந்து சேர்த்தது 123 கெஜம் மட்டுமே. டச் டவுனுக்காக ஒரு பந்தும் எறியவில்லை. டேவிஸ்தான் 157 கெஜம் ஓடி மூன்று டச் டவுன் போட்டார்.

மரீனோ தோற்ற நாளில் எறிந்து சேர்த்ததோ 318 கெஜம். அன்று மயாமியின் ஓட்டக்காரர்கள் அனைவரும் சேர்ந்து ஓடியது வெறும் 25 கெஜம். எதிரணி ஓடியது 211 கெஜம். மரீனோவின் 17 பருவங்களில், ஒரே பருவத்தில் 1,000 கெஜம் ஓடிய துணைவர் ஒருமுறைதான், அதுவும் 1996-இல்தான், அவருக்குக் கிடைத்தார்.

1996-உடன் எல்வே ஓய்வு பெற்றிருந்தால் அவரையும் தோல்விக்காரர் என்றுதான் எழுதியிருப்பார்கள். 37 வயதில் அவர் கைக்குப் புதுப்பலம் வந்துவிடவில்லை. பக்கத்தில் நின்றவர்கள் மாறினார்கள். அவ்வளவே.

ஆகவே இரண்டு கேள்விகளை நாம் பிரித்துக் கேட்க வேண்டும். எந்த அணி வென்றது என்பது ஒன்று. யார் தம் வேலையைச் சிறப்பாகச் செய்தார் என்பது மற்றொன்று. முதற்கேள்விக்குக் கோப்பை பதில் சொல்லும். இரண்டாவதற்கு அது மட்டும் போதாது. மரீனோ கோப்பை வெல்லவில்லை என்பது உண்மை. அதை மறைக்க வேண்டியதில்லை. அவரைப்போல் எறிந்தவர் அவர் காலத்தில் மிக அரியர் என்பதும் உண்மை. 2005-இல், தகுதி பெற்ற முதல் ஆண்டிலேயே, அந்த ஆட்டத்தின் புகழ் மண்டபத்தில் அவருக்கு இடம் கிடைத்தது.

பால்மரக் காட்டை அறிந்தவர்களுக்கு இது புதிதன்று. விடியலில் பட்டையை நேர்த்தியாக வெட்டி முடித்த பிறகு மழை கொட்டினால், மங்கில் பாலோடு நீர் கலந்து வழிந்துவிடும். அன்றைய நிறுவையில் எடை குறையும். அதனால் வெட்டியவர் கை கெட்டுவிட்டதா? மரத்தில் உள்ள வெட்டைப் பார்த்தால் தெரியும்.

பெற்றோர்களே, பரிசளிப்பு விழாவிலிருந்து பிள்ளை வெறுங்கையோடு வீடு திரும்பினால், “ஏன் பரிசு வாங்கவில்லை?” என்பதை முதற்கேள்வியாக வைக்காதீர்கள். “சென்ற ஆண்டு தெரியாதது எது இப்போது தெரிகிறது?” என்று கேளுங்கள். நோட்டைத் திறந்து எழுத்தைப் பாருங்கள், கணக்கைப் பாருங்கள். உழைப்பு தெரிந்தால் அதைப் பெயர் சொல்லிப் பாராட்டுங்கள். உழைப்பு இல்லையென்றால் அதையும் நேராகச் சொல்லுங்கள். நேர்மையான அளவுகோலுக்கு இரண்டு பக்கமும் உண்டு.

மரீனோ பெரியவரா, மொன்டானா பெரியவரா? இன்று இரவு உணவுக்குப் பிறகு, பிள்ளைகளை இரு தரப்பாகப் பிரித்து வாதாட விடுங்கள். யார் உரக்கப் பேசினார் என்று பார்க்காமல், யார் காரணம் காட்டினார் என்று பார்த்துத் தீர்ப்புக் கூறுங்கள்.