ஆசிரியரை எழுதிய மாணவர்



பெரியோர் வரலாறு தமிழுக்குப் புதிதன்று. அறுபத்துமூவர் வாழ்வைக் காப்பியமாகவே பாடிய மொழி இது. ஆயினும் உடன் வாழ்ந்த ஒருவரை, அவருடைய கடனோடும் கவலையோடும் மனத்தாங்கலோடும் உரைநடையில் எழுதிவைப்பது வேறு வகைப் பணி. அதனைத் தமிழில் நிறைவாகச் செய்த நூல்களுள் தலைசிறந்தது, டாக்டர் உ. வே. சாமிநாதையர் எழுதிய மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் சரித்திரம். 1933, 1934ஆம் ஆண்டுகளில் இரு பாகங்களாக அது வெளிவந்தபோது ஆசிரியர் மறைந்து ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் ஓடிவிட்டன. மாணவர் எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தார்.

திரிசிரபுரத்தை அடுத்த சிற்றூரில் 1815இல் பிறந்த பிள்ளையவர்களுக்குத் தந்தையே முதலாசிரியர். பின்னர் அறிந்தோர் இருக்குமிடம் தேடிச் சென்று கற்றார்; திருவாவடுதுறை ஆதீன மகாவித்துவானாக உயர்ந்தார். தலபுராணம், அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை என்று அவர் பாடியவை மிகப் பல. எழுதிவைத்ததைப் படிப்பவர் போல் அவர் செய்யுள் சொல்லிக்கொண்டே போவார்; ஏட்டில் எழுதுபவரின் கைதான் ஓயும். அம்பர்ப் புராணத்தை அவ்வாறு எழுதிய கை, சாமிநாதையருடையது. வேங்கடராமன் என்றிருந்த பெயரைச் சாமிநாதன் என்று மாற்றி வழங்கியவரும் அந்த ஆசிரியரே.

இங்கே கவிஞர்கள் சற்று நின்று நோக்கவேண்டிய ஒன்று உண்டு. 1880ஆம் ஆண்டு குடந்தையில் சேலம் இராமசுவாமி முதலியார், ஐயர் கற்ற நூல்கள் எவையென வினவினார். அந்தாதிகளும் பிள்ளைத்தமிழ்களும் புராணங்களும் வரிசையாகச் சொல்லப்பட்டன. முதலியார் அவற்றைப் பொருட்படுத்தவில்லை. பழைய நூல்களைப் படித்ததுண்டா என்றே கேட்டார். அந்தக் கேள்வியின் விளைவாகச் சீவக சிந்தாமணி 1887இலும், சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும் அச்சேறின. பிள்ளையவர்களிடம் பாடங்கேளாத நூல்கள் அவை. அவை வெளிவரவரத் தமிழ்ச் சுவையே மாறிற்று. தலபுராணங்கள் அலமாரிக்குள் ஒதுங்கின. ஆசிரியரின் கவிதைக்கு வாசகர் அருகியதற்கு மாணவரின் பதிப்புப் பணியும் ஒரு காரணம் என்றால் அது மிகையாகாது. அதே கைதான் முதுமையில், அந்த ஆசிரியருக்காக இரண்டு பாகங்கள் எழுதியது. நன்றி என்ற ஒரு சொல்லில் இது அடங்குமா என்பது ஐயமே.

புகழுரைக்காக எழுதப்பட்டதாயின் அந்நூல் இன்று எவர்க்கும் வேண்டுவதில்லை. ஐயரின் எழுத்தில் பிள்ளையவர்கள் கடன்பட்டு வருந்துகிறார். தம் பிள்ளையாகவே எண்ணும் மாணவனைக்கூடத் தடுக்கிறார். மாயூரத்தில் கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் இசை பயின்றுவந்தார் இளைஞர் சாமிநாதர். செய்தி ஆசிரியர் செவிக்கு எட்டியது. இசையில் மனம் சென்றால் இலக்கியத்தில் ஊன்றாது என்றார் அவர். இசைப்பயிற்சி அன்றோடு நின்றது. நந்தனார் சரித்திரக் கீர்த்தனைக்குச் சிறப்புப்பாயிரம் வேண்டி அதே பாரதியார் பலமுறை வந்தபோது, இலக்கணப் பிழை மலிந்ததென்று பிள்ளையவர்கள் காலம் கடத்தினார். ஒருநாள் பாரதியார் திண்ணையில் அமர்ந்து பாடினார். கேட்ட புலவர் உள்ளம் கரைந்தார்; பாயிரமும் கிடைத்தது. பாரதியாரைப் பற்றித் தாம் எழுதிய நூலில் ஐயர் இதனைப் பதிந்துள்ளார். ஆசிரியருக்கு இழுக்காகுமோ என்று மறைத்திருந்தால், இலக்கணம் வல்ல ஒரு புலமை இசைக்கு முன் இளகிய அந்தக் கணத்தைத் தமிழுலகம் இழந்திருக்கும்.

குறை இல்லாமலில்லை. வீட்டுப் பெண்டிர் இவ்வரலாற்றின் ஓரத்திலேயே நிற்கின்றனர். உடனுறைந்து கற்ற மாணவர்க்கெல்லாம் வேளைதோறும் உலையேற்றிய கைகள் எவருடையவை, கடன்காரர் வாயிலில் நின்றபோது உள்ளே இருந்தவர்கள் என்ன எண்ணினர் என்பன அறியக் கிடைக்கவில்லை. அக்கால வழக்கு அது என்று அமைதி கூறலாம். ஆனால் மாணவரின் நடை, பேச்சு, உணவு வரை நினைவில் வைத்திருந்த ஒருவர் அடுக்களைப் பக்கம் திரும்பியிருந்தால் இன்னொரு பாகமே கிடைத்திருக்கும்.

சாதி, சமயம் பற்றிய செய்தி அவ்வாறன்று; அது நிறையவே இருக்கிறது. சைவ ஆதீனத்துப் புலவர், கிறித்தவரான முன்சீப் வேதநாயகம் பிள்ளையின் மீது குளத்தூர்க் கோவை பாடினார். நாகூர் குலாம் காதிறு நாவலர் அவரிடம் பாடங்கேட்டார். கிறித்தவரான சவேரிநாத பிள்ளை நிழல்போல் உடனிருந்தார்.

1876 பிப்ரவரி முதல் நாள், திருவாவடுதுறையில் பிள்ளையவர்களின் இறுதி நேரம். சவேரிநாதர் அவரைத் தம் மார்பில் தாங்கியிருந்தார். சாமிநாதர் திருவாசகத்தை எடுத்து அடைக்கலப் பத்தினைப் படித்துக்கொண்டிருந்தார்.