கூறியது கூறலும் குன்றக் கூறலும்



நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களை எடுத்துச் சொல்லும் நன்னூலார், 'கூறியது கூறல்' என்பதையும் அவற்றுள் ஒன்றாக வைக்கிறார். சொன்னதையே திரும்பச் சொன்னால் கேட்பவருக்குச் சலிப்பு வரும். வேறென்ன கேடு வந்துவிடப் போகிறது என்று நாம் நினைப்பதுண்டு. 1941 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 30 ஆம் திகதி ஜேர்மானியச் செய்தி ஊழியர் ஒருவர் சொன்னதைத் திரும்பச் சொன்னார். அதன் விளைவைப் பற்றியதே இன்றைய பேச்சு.

இரண்டாம் உலக மகாயுத்தத்தில் 'எனிக்மா' என்ற இரகசியக் குறி இயந்திரத்தை ஜேர்மானியர் கையாண்டதைப் பலர் அறிவர். ஆனால் ஹிட்லரின் தலைமைப் பீடம் தன் சேனாதிபதிகளோடு பேசுவதற்கு அதைவிடச் சிக்கலான லொரென்ஸ் இயந்திரத்தை வைத்திருந்தது. பன்னிரண்டு சக்கரங்கள் சுழன்று, செய்தியின் ஒவ்வோர் எழுத்தோடும் வேறோர் எழுத்தைக் கூட்டி உருவை மாற்றிவிடும். மறுமுனையில் சக்கரங்களை அதே நிலையில் வைத்து, அதே எழுத்துக்களை மீண்டும் கூட்டினால் மூலச் செய்தி வெளிவரும்.

அன்று ஏதென்ஸிலிருந்து வியன்னாவுக்குச் சுமார் நாலாயிரம் எழுத்துக்கள் கொண்ட செய்தி ஒன்று சென்றது. சரியாகக் கிடைக்கவில்லை, மீண்டும் அனுப்புக என்றது மறுமுனை. ஊழியர் சக்கரங்களைப் பழைய நிலைக்கே திருப்பி வைத்து இரண்டாம் முறை அனுப்பினார். எழுத்துக்கு எழுத்து அப்படியே அனுப்பியிருந்தால்கூடப் பாதகமில்லை. இரண்டும் ஒன்றாகவே இருந்திருக்கும். ஒட்டுக்கேட்டவருக்கு ஒன்றும் புரிந்திராது. மனிதர் அலுத்துப்போயிருக்க வேண்டும். 'செய்தி இலக்கம்' என்று பொருள்படும் 'ஸ்புருக்நுமர்' என்ற சொல்லைச் சுருக்கி அனுப்பினார். வேறு சில சொற்களையும் சுருக்கினார். கூறியது கூறலோடு குன்றக் கூறலும் சேர்ந்துகொண்டது!

இங்கிலாந்தின் பிளெட்ச்லி பார்க்கில் இருந்த ஜோன் டில்ட்மன் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டிலும் சேர்ந்திருந்த பொய்யெழுத்து ஒன்றே. ஆகவே ஒன்றோடொன்றைக் கூட்ட அது மறைந்து, இரு மூலங்களின் கலவை மாத்திரம் எஞ்சியது. பத்து நாள் பாடுபட்டு அவர் இரண்டையும் பிரித்தெடுத்தார். இருபத்துநான்கு வயதான வில்லியம் டட் என்பவர் அந்தப் பொய்யெழுத்து வரிசையை மாத்திரம் வைத்து, கண்ணால் கண்டிராத இயந்திரம் ஒன்றின் சக்கரங்களை எண்ணிச் சொன்னார். முதற் சக்கரத்தின் சுற்று நாற்பத்தொன்று என்று கண்டதே தொடக்கம். என் எண்ணத்தில் அந்த யுத்தத்தின் மிகப் பெரிய வாசகர் இவரே.

எங்கள் கொழும்பிலும் அந்நாளில் 'அன்டர்சன்' என்ற பெயரில் பிரித்தானியக் கடற்படையின் நிலையம் ஒன்று இருந்து யப்பானியரின் செய்திகளை ஒட்டுக்கேட்டது. அது வேறு கதை. மற்றொன்று விரித்தலும் குற்றமே ஆகையால் பிளெட்ச்லிக்குத் திரும்புவோம்.

இயந்திரத்தின் அமைப்புத் தெரிந்தாலும், ஒவ்வொரு செய்திக்கும் சக்கரங்கள் எந்த நிலையில் தொடங்கின என்று அறிய வேண்டும். இதற்கும் டட் 1942 இல் வழி கண்டார். அது மொழியின் பழக்கத்தை நம்பிய வழி. தமிழில் 'க்க', 'த்த', 'ட்ட' என்று எழுத்துக்கள் இரட்டித்து வருவது போல ஜேர்மன் மொழியிலும் வரும். அடுத்தடுத்த எழுத்துக்களை ஒப்பிட்டு எண்ணினால், சரியான தொடக்க நிலையில் மாத்திரம் ஒற்றுமைகள் பாதிக்குச் சற்று மேலாக இருக்கும். முதலிரு சக்கரங்களுக்கே 1,271 நிலைகள். ஒவ்வொன்றுக்கும் செய்தி முழுவதையும் எண்ண வேண்டும். கையால் ஆகிற காரியமா?

மக்ஸ் நியூமன் ஏற்பாட்டில் ஓர் இயந்திரம் செய்தார்கள். இரண்டு கடதாசி நாடாக்கள் அதில் சேர்ந்து ஓட வேண்டும்; அவை நழுவின, கிழிந்தன. தபால் திணைக்களத்தின் தொலைபேசிப் பொறியியலாளர் டொமி பிளவர்ஸ், ஒரு நாடாவை ஒழித்து அதன் வேலையை வால்வுகளிடம் கொடுக்கலாம் என்றார். ஆயிரத்துக்கு மேற்பட்ட வால்வுகளா, அடிக்கடி எரிந்துபோகுமே என்றார்கள். அணைத்து அணைத்து ஏற்றாமல் விட்டால் வால்வு நிலைக்கும் என்பது தொலைபேசி வேலையில் அவர் கண்ட உண்மை. சுமார் 1,600 வால்வுகளோடு 1944 பெப்ரவரியில் 'கொலோசஸ்' வேலை தொடங்கியது. செக்கனுக்கு ஐயாயிரம் எழுத்துக்களை வாசித்தது. யுத்தம் முடிகையில் அத்தகைய இயந்திரங்கள் பத்து. இரவு பகலாக அவற்றை இயக்கியவர்கள் கடற்படைப் பெண்கள். கொலோசஸ் எனிக்மாவை உடைத்ததாக எழுதுவோர் இன்றும் உளர். அது பிழை, லொரென்ஸே அதன் இலக்கு.

யுத்தம் முடிந்ததும் பத்தில் எட்டைப் பிரித்துப் போட்டார்கள். பிளவர்ஸ் தம் வரைபடங்களைக் கட்டளைப்படி உலையில் இட்டு எரித்தார். 1946 இல் அமெரிக்காவின் 'எனியக்' முதற் கணனி என்ற புகழோடு வெளிவந்தது. இவர் வாய் திறக்க முடியவில்லை. 1975 இல் பிரித்தானிய அரசாங்கம் சில புகைப்படங்களை வெளியிடும் வரை கொலோசஸைப் பற்றி வெளியுலகம் ஏறக்குறைய ஒன்றுமே அறிந்திருக்கவில்லை.

பிளவர்ஸ் 1998 இல் காலமானார். அதற்கு ஐந்து வருடங்களுக்கு முன், தமது எண்பத்தேழாவது வயதில், ஹென்டன் கல்லூரியில் கணனி ஆரம்ப வகுப்புக்குச் சென்று முடித்து, சான்றிதழ் ஒன்றும் பெற்றிருந்தார்.