போலிக்கமிலமும் அதன் போலியும்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உள்ள பலசரக்குக் கடைகளில், கரிய பசை நிறைந்த சிறு போத்தல் ஒன்றைக் காணலாம். மார்மைட் என்னும் அப்பண்டம் பாணிலே தடவி உண்பதற்குரியது என்பதே பலரும் அறிந்தது. புற்றுநோய் மருந்தொன்றின் வரலாறு அப்போத்தலிலிருந்து தொடங்குகிறது என்றால் நேயர்கள் வியப்படையக்கூடும்.

1928ஆம் ஆண்டில் லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலப் பெண் மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். அங்குத் துணியாலைகளில் உழைத்த ஏழைக் கர்ப்பிணிகள் குருதிச் சோகையால் நலிந்தனர். அவர்தம் குருதியிற் செங்குழியங்கள் தொகையிற் குறைந்தும் உருவிற் பெருத்தும் இருந்தன. மலிவான மார்மைட்டை ஊட்டியதும் அவர்கள் தேறினர். 1931இல் வில்ஸ் இதனை வெளியிட்டார். அதனுள் மறைந்திருந்த பொருள் யாதென அப்போது எவருக்கும் தெரியாது. 1934, 35ஆம் ஆண்டுகளில் இலங்கையை மலேரியா வாட்டியபோது, சூரியமல் இயக்கத் தொண்டர்கள் நலிந்தோர்க்கு அளித்ததும் இந்த மார்மைட்டையே.

1941இல் அப்பொருள் கீரையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லால் போலிக்கமிலம் எனப் பெயர் பெற்றது. தமிழ்ச் செவிக்கு அப்பெயர் எவ்வாறு ஒலிப்பினும், இது மெய்ப்பொருளே. போலி பின்னர்தான் வந்தது.

பீமவரத்தில் 1895இல் பிறந்து, சென்னையில் மருத்துவம் பயின்றவர் யெல்லாப்பிரகட சுப்பாராவ். ஸ்புரூ என்னும் குடல்நோய்க்குச் சில நாள் இடைவெளியிற் சகோதரர் இருவரைப் பறிகொடுத்தவர். 1922இல் அமெரிக்கா சென்ற அவர், 1940இல் லெடர்லி ஆய்வுகூடத்தில் அமர்ந்தார். அவர் தலைமையிலான குழுவினர் 1945இல் போலிக்கமிலத்தைச் செயற்கையாக ஆக்கினர். ஸ்புரூ நோயாளரின் சோகைக்கும் அது மருந்தாயிற்று. சகோதரர் மறைந்து கால் நூற்றாண்டு கழிந்த பின்னரே அது கைகூடியது.

பொஸ்ரன் நகரச் சிறுவர் மருத்துவர் சிட்னி ஃபார்பர், வெண்குருதிப் புற்றுநோய் கண்ட பிள்ளைகளுக்குப் போலிக்கமிலச் சேர்மங்களைக் கொடுத்துப் பார்த்தார். நோய் விரைந்து பெருகுவதாகவே தோன்றிற்று. ஊட்டுவது நோயை வளர்க்குமாயின், தடுப்பது அதனை ஒடுக்குமன்றோ? சுப்பாராவின் குழுவினர் அமினொப்தெரின் என்னும் போலியை ஆக்கி அளித்தனர்.

உயிரணு ஒன்று இரண்டாகப் பிரியுமுன் தன் மரபுப்பொருளை இரட்டித்தல் வேண்டும். அதற்குப் போலிக்கமிலம் இன்றியமையாதது. பொய்த் திறப்பொன்று பூட்டினுள் நுழைந்து சிக்கிக்கொள்வதுபோல, அமினொப்தெரின் அவ்வேலையை முடக்கிவிடுகிறது. 1948 ஜூனில் ஃபார்பர் வெளியிட்ட கணக்கின்படி, 16 பிள்ளைகளுள் 10 பேர் தேறினர். ஆயினும் சில மாதங்களில் நோய் மீண்டது. பெற்றோர்க்கு அது கொடிய ஏமாற்றமே. எனினும், அந்நோய் மருந்துக்குப் பணியும் என்பது அன்றுதான் தெரிந்தது. அவ்வாண்டு ஆகஸ்டிலேயே சுப்பாராவ் காலமானார்.

அதன் உடன்பிறப்பான மெதொட்ரெக்சேற் இன்றும் பிள்ளைகளின் வெண்குருதிப் புற்றுநோய்க்கு மற்ற மருந்துகளோடு சேர்த்துக் கொடுக்கப்படுகிறது. வசதி மிக்க நாடுகளில், அந்நோயின் மிகப் பரவலான வகை கண்ட பிள்ளைகளுள் பத்தில் ஏறக்குறைய ஒன்பது பேர் பிழைக்கின்றனர்.

ஆனால் பொய்த் திறப்புக்குப் பகைவன் யார், உறவினன் யார் என்பது தெரியாது. எமது என்பு மச்சை விநாடிதோறும் 20 இலட்சத்துக்கு மேற்பட்ட செங்குழியங்களைப் படைக்கும் பட்டறை. வெண்குழியங்களும் அங்குதான் பிறக்கின்றன. அதுவும் மருந்தால் அடிபடுகிறது. ஆதலால்தான் மஹரகம அபேக்ஷா வைத்தியசாலைக்குச் செல்வோர்க்கு, அடுத்த மருந்தேற்றத்துக்கு முன் குருதியணுக்கள் எண்ணப்படுகின்றன. தொகை குறைந்திருந்தால் நாள் தள்ளிப் போகும். அது வைத்தியரின் அசட்டையன்று. இம்மருந்து பெறுவோர், சத்துக்கென எண்ணிப் போலிக்கமில மாத்திரையைத் தாமாக விழுங்கலாகாது. வேண்டுமாயின் வைத்தியரே உரிய வேளையிற் கொடுப்பார். வெண்குழியங்கள் பெரும்பாலும் மிகக் குறைவது மருந்தேற்றிய ஏழு முதல் பதினான்கு நாட்களுக்குள். அந்நாட்களிற் காய்ச்சல் கண்டால், விடியட்டும் என்று காத்திராமல் அப்போதே வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும்.