காற்றும் கருப்பும்
(திரேஸ்புரத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சங்கு குளிக்கப் போன வாலிபன் கரையேறிய அரைமணி நேரத்தில் கால் விளங்காமல் விழுந்தால், “காற்றுக் கருப்பு அடித்துவிட்டது” என்று வேப்பிலை அடிப்பவனைத் தேடி ஓடுகிறவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதில் பாதி உண்மை என்றே நாமும் சொல்லுகிறோம். அடித்தது காற்றுதான், கருப்புதான் இல்லாத சங்கதி.

எப்படியென்று யோசித்துப் பாருங்கள். கடலில் 10 மீட்டர் இறங்கினால் அழுத்தம் இரண்டு மடங்கு. 20 மீட்டரில் மூன்று மடங்கு. கம்ப்ரசர் குழாயில் வரும் காற்றும் அதே அழுத்தத்தோடுதான் நெஞ்சுக்குள் போகிறது. அதில் ஐந்தில் நாலு பங்கு நைட்ரஜன். சரீரம் அதைச் செலவழிப்பதில்லை. ஆகவே அது இரத்தத்திலும் கொழுப்பிலும் கரைந்து கிடக்கிறது. மடமடவென்று மேலே வந்தாலோ, சோடா பாட்டிலின் கோலியைத் தட்டிய கதைதான்.

குமிழி மிகச் சிறியதாயிருக்கும்வரை அதன் தோலின் இழுப்பே அதை நசுக்கிவிடும். ஓரளவு பருத்துவிட்டால் அந்த இறுக்கம் தளர்ந்து, சுற்றிலும் கரைந்துள்ள வாயு உள்ளே புகுந்து அதை ஊதிவிடும். இரத்தக் குழாயின் உட்புறத்தில், தரையில் கல் பாவியதுபோல ஒரே அடுக்காக உயிரணுக்கள் இருக்கின்றன. குமிழி அவற்றை உராய்ந்து கெடுக்கிறது. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே சந்து விழுகிறது. இரத்தத்தின் நீர் அதன் வழியே கசிந்து போக, மிஞ்சிய இரத்தம் தடிக்கிறது. முதுகுத் தண்டில் குமிழி அடைத்தால் கால் போகிறது. இதில் பேய்க்கு எங்கே இடம் என்று கேட்கிறோம்.

கல்லைக் கட்டி இறங்கிய நம் பாட்டன்மார் ஒரே மூச்சில் ஏறக்குறைய ஒரு நிமிஷமே கீழே இருந்தார்கள். அதிகம் கரைய நேரமில்லை. அவர்களுக்குச் சுறா பயம். சுறாவின் வாயைக் கட்டுவதாகச் சொல்லக் “கடல்கட்டி” என்றொருவன். அவனுக்கு வெள்ளைக்காரச் சர்க்காரே கூலி கொடுத்தது! இங்கே முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றது. கடல்கட்டி போனான், மந்திரிப்பவன் போகவில்லை.

1908-இல் ஹால்டேன் என்ற அறிஞர் ஆடுகளை அழுத்த அறையில் வைத்துச் சோதித்து, நின்று நின்று படிப்படியாக ஏறுவதற்குக் கணக்கு வகுத்துக் கொடுத்தார். நம் ஊரிலும் ஆடு உண்டு, வெட்டிப் பொங்கல் வைக்க!

விழுந்தவனுக்கு உடனே பிராணவாயு கொடுத்து, அழுத்த அறையுள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே மறுபடி அழுத்தம் ஏற்றினால் குமிழி சுருங்கிக் கரையும். நாழிகை ஆக ஆக நரம்பு செத்துக்கொண்டே போகும். மந்திரிப்பவனோ, விடியட்டும் என்கிறான்.