மருத்துவரின் மனநலம்

(ஆலய மருத்துவ முகாமில் சேவையாற்றிய மருத்துவர்களுக்கான பாராட்டு நிகழ்வில் ஆலய நிர்வாக உறுப்பினர் ஆற்றிய உரை)



முப்பத்து மூன்று ஆண்டுகள் தமிழ்ப்பள்ளியில் வெண்கட்டி பிடித்தவனுக்கு மருத்துவர்களைப் பற்றிப் பேச என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். ஒரே தகுதிதான்: என் மருமகன் ஒரு டாக்டர். கெடாவில் ஒரு சிறு பட்டணத்தில் கடைவீட்டு வரிசையில் கிளினிக் நடத்துகிறார்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மழைக்கால இரவு. கிளினிக்கை மூடி வெகுநேரமாகியும் அவர் வீட்டுக்குள் வரவில்லை. வாசலில் கார் நிற்கிறது. போய்ப் பார்த்தால், விளக்கை அணைத்துவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருக்கிறார். "இன்னும் பத்து நிமிஷம் மாமா" என்றார். பல நாள்களாகவே அப்படித்தான் என்று என் மகள் பிறகு சொன்னாள்.

மெல்ல மெல்லத்தான் விஷயம் வெளிவந்தது. டிங்கிக் காய்ச்சலோடு வந்த ஓர் இளைஞரை உடனே மருத்துவமனைக்குப் போகச் சொல்லியிருக்கிறார். காய்ச்சல் இறங்கும் வேளையில்தான் டிங்கியில் ஆபத்து அதிகம் என்றும் எச்சரித்திருக்கிறார். காய்ச்சல் விட்டுவிட்டதே என்று அந்தப் பிள்ளை போகத் தாமதித்துவிட்டது, பிழைக்கவில்லை. பெரிய மருத்துவமனையில் ஓர் உயிர் போனால் மருத்துவர்கள் கூடி உட்கார்ந்து அலசுவார்கள். கடைவீட்டில் தனியாக இருக்கும் மருத்துவர் யாரிடம் போய்ச் சொல்வார்?

அதோடு அவர் முதலாளியும்கூட. வாடகை, ஊழியர் சேமநிதி, சொக்சோ, மாதக்கணக்கில் வராத பேனல் கம்பெனிப் பணம் எல்லாம் அவர் தலையில். 2006-ஆம் ஆண்டு விதிமுறையில் சாதாரண ஆலோசனைக் கட்டணம் 10 முதல் 35 வெள்ளி என வரையறுக்கப்பட்டு, பல ஆண்டுகள் அசையவே இல்லை. வாடகை அப்படியா இருந்தது? 2025 மே முதல் தேதியிலிருந்து மருந்துகளின் விலையையும் காட்சிக்கு வைக்க வேண்டும். நோயாளிக்கு அது நல்லதுதான். ஆனால் அந்தப் பட்டியலை எழுதி ஒட்டுபவரும் அவரேதான்.

நானும் ஒரு குற்றவாளி. ஆலயத்தில் செருப்புக் கழற்றும் இடத்திலேயே யாரையாவது அழைத்து வந்து, "டாக்டர் என் மருமகன்தான், ஒரு நிமிஷம் பார்க்கச் சொல்கிறேன்" என்பேன். பெருமைதான், வேறென்ன!

வேலையால் வரும் இந்தச் சோர்வை உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வரையறுத்தது. சக்தி வற்றிப்போதல், வேலையின்மீது வெறுப்போ விலகலோ ஏற்படுதல், திறமை குறைதல் ஆகிய மூன்றும் அதன் அடையாளங்கள். இரண்டாவதுதான் என்னை உலுக்கியது. நோயாளிகளிடம் அன்பாகப் பேசும் பிள்ளை, அவர்களைப் பெயர் சொல்லாமல் நம்பர் சொல்லிக் கூப்பிடத் தொடங்கியிருந்தார். மருத்துவர்கள் எடுக்கும் ஜெனீவா உறுதிமொழி 1948-இல் பிறந்தது. மருத்துவர் தம் உடல்நலத்தையும் நல்வாழ்வையும் திறனையும் பேண வேண்டும் என்ற வாசகம் அதில் 2017-இல்தான் சேர்ந்தது. ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் தாமதம்!

மருமகன் செய்தவை பெரிய காரியங்கள் அல்ல. இரவு பத்தரைக்குப் பதில் ஒன்பதுக்கே கதவை மூடினார். வருமானம் குறைந்தது, என் மகள் கணக்கைத் திருத்திக்கொண்டாள். மாதம் இரண்டு நாள் லோக்கம் டாக்டரை அமர்த்தினார். கிளினிக்கிற்குத் தனிக் கைப்பேசி. அது இரவில் வீட்டுக்கு வருவதில்லை. பக்கத்துப் பட்டணங்களில் கிளினிக் நடத்தும் இருவரோடு மாதம் ஒருமுறை தேநீர். நோயாளியின் பெயரைச் சொல்லாமல், மனத்தை அழுத்தும் சம்பவங்களைப் பேசிக்கொள்கிறார்கள். எல்லாவற்றிலும் கடினமானது, தமக்குத் தாமே தூக்க மாத்திரை எழுதிக்கொள்வதை நிறுத்திவிட்டு, இன்னொரு மருத்துவரிடம் நோயாளியாகப் போய் உட்கார்ந்தது. அதற்கு மட்டும் எட்டு மாதம் பிடித்தது.

சுகாதார அமைச்சு 2022-இல் தொடங்கிய 15555 என்ற ஹீல் உதவி எண் மருத்துவர்களுக்கும் உரியதே. கூச்சம் வேண்டாம்.

அடுத்த முகாமில் எந்த மருத்துவரும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து அமரக்கூடாது என நிர்வாகத்தில் தீர்மானித்துள்ளோம். கூடுதல் மருத்துவர்களின் போக்குவரத்துச் செலவை ஏற்க நன்கொடையாளர்கள் முன்வர வேண்டுகிறேன்.

அன்னதானம் தயாராக இருக்கிறது. மருத்துவர்களை முதல் பந்தியில் அமர வைக்கிறோம். இரத்தப் பரிசோதனை முடிவுகளைக் கையில் வைத்திருக்கும் அன்பர்கள், தயவுசெய்து இப்போதைக்கு அவற்றைப் பையிலேயே வையுங்கள்.