பர்மா புகட்டும் பாடம்



மணிப்பூரில், பர்மா எல்லையை ஒட்டி, மோரே என்னும் சிற்றூர் உள்ளது. அங்கே தமிழ்ச் சங்கமும் அங்காள பரமேசுவரி கோயிலும் உண்டு. நாம் பிழைப்பை நாடி வெளிமாநிலம் வந்தவர்கள். மோரேயில் குடியேறிய தமிழரோ, பிழைத்த நாட்டை இழந்து வந்தவர்கள். அந்நாட்டின் கதையைச் சற்றே எண்ணிப் பார்ப்போம்.

1948 ஜனவரி 4 அன்று விடுதலை பெற்ற பர்மா, ஊ நூவின் தலைமையில் பாராளுமன்ற ஆட்சியை மேற்கொண்டது. உள்நாட்டுக் கிளர்ச்சிகளும் கட்சிப் பிளவுகளும் அதனை வாட்டின. நாடு சிதறாமல் காப்பதாகக் கூறி, 1962 மார்ச் 2 அன்று தளபதி நே வின் ஆட்சியைக் கைப்பற்றினார். அவ்வாண்டு ஜூலையில் ரங்கூன் பல்கலைக்கழக மாணவர் சங்கக் கட்டடம் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. 1964-இல் கடைகள் அரசுடைமையாயின. 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாதவையாயின. தலைமுறை தலைமுறையாக அங்கு வாழ்ந்த நம்மவர் பலர் வெறுங்கையுடன் கப்பலேறினர். தாயகத்தில் வேர்கொள்ள இயலாமல், தரைவழியே பர்மா திரும்ப முயன்று எல்லையில் தடுக்கப்பட்டவர்களுள் சிலரே மோரேயில் தங்கினர்.

கைப்பற்றிய ஆட்சி உறுதியையேனும் தந்ததா? இல்லை. எல்லைப்புறப் போர்கள் ஓயவில்லை. குறை கூறப் பத்திரிகையும் சட்டசபையும் இல்லாதபோது, ஆள்வோர் தம் தவற்றை எவ்வாறு அறிவர்? 1987-இல் மீண்டும் நோட்டுகள் செல்லாதவையாயின. இம்முறை ஈடும் இல்லை. அடுத்த ஆண்டு ஆகஸ்டு 8 அன்று மாணவரும் துறவிகளும் தொழிலாளரும் வீதிக்கு வந்தனர். துப்பாக்கிகளே விடை கூறின. 1990 தேர்தலில் ஆங் சான் சூ கீயின் கட்சி 485 இடங்களில் 392-ஐ வென்றும், ஆட்சி அதனிடம் ஒப்படைக்கப்படவில்லை. 2015 தேர்தலுக்குப் பின் மலர்ந்த மக்களாட்சியையும் 2021 பிப்ரவரி 1 அன்று இராணுவம் பறித்தது. மணிப்பூர், மிசோரம் எல்லைகளில் மறுபடியும் அகதிகள் வந்து சேர்ந்தனர்.

ஊமையாக்கப்பட்ட நாடு உறுதி பெற்ற நாடாகாது. கூச்சலும் வழக்கும் மிகுந்த மக்களாட்சி தளர்ந்தது போலத் தோன்றலாம். ஆயினும் தன் பிழையைக் கேட்டுத் திருத்திக்கொள்ளும் செவி அதற்கு உண்டு.

வந்த இடத்து அரசியல் நமக்கெதற்கு என்று நாம் ஒதுங்குவது வழக்கம். வாழும் ஊரின் வாக்காளர் பட்டியலில் நம் பெயர் உள்ளதா என்று பார்ப்பதும் நம் கடமையே. அச்செவிக்கு நம் குரலும் எட்ட வேண்டுமன்றோ?