வலையில் விழாத மீன்கள்



மூன்றாம் ஆண்டில் 'ரெகுலர் எக்ஸ்பிரஷன்' பாடம் நடத்தியபோது, "இது எதுக்குடா உதவப்போகுது?" என்று கடைசி பெஞ்சில் முணுமுணுத்தவன் நான். ஸ்டீபன் கிளீன் 1950-களில் கணிதமாக வகுத்ததை, கென் தாம்சன் 1968-ல் எழுத்துகளைத் தேடும் கருவியாக்கிக் காட்டினார். இன்று அதுதான் எனக்குச் சோறு போடுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பழைய வலைத்தளத்தைப் புதிய சர்வருக்கு மாற்றும் வேலை வந்தது. கோடில் எந்தெந்தப் படம், வீடியோவின் பெயர் வருகிறது என்று பட்டியல் எடுக்க வேண்டும். இரட்டை மேற்கோளுக்குள் '.ஜேபிஜி', '.பிஎன்ஜி', '.எம்பி4' என்று முடிவதைப் பிடிக்க ஒரே வரி எழுதினேன். நடுவில் '.*' போட்டால் வரியின் கடைசி மேற்கோள்வரை விழுங்கிவிடும், '[^"]*' போட்டால் அடுத்த மேற்கோளைத் தாண்டாது. இந்த நுணுக்கமெல்லாம் தெரிந்த கர்வம் வேறு! பட்டியலில் வராத கோப்புகளை அழித்துவிட்டேன்.

மறுநாள் பல பக்கங்கள் படமில்லாமல் வெறிச்சோடிக் கிடந்தன. சிலர் ஒற்றை மேற்கோள் போட்டிருந்தார்கள். சி.எஸ்.எஸ்.ஸில் மேற்கோளே இல்லாமலும் எழுதலாம். கேமராவிலிருந்து வந்த படங்களில் 'ஜேபிஜி' பெரிய எழுத்தில் இருந்தது. சில பெயர்களை ஜாவாஸ்கிரிப்ட் ஓடும்போதுதான் ஒட்டுப்போட்டுச் சேர்க்கிறது. அவை கோடில் முழுசாக எங்குமே கிடையாது.

நல்லவேளை, பேக்கப் இருந்தது. சீனியர் திட்டவில்லை. "தம்பி, உன் வலையில விழாத மீனெல்லாம் கடல்லயே இல்லைன்னு சொல்லுவியா?" என்று மட்டும் கேட்டார்.

இப்போது நான் எதையும் உடனே அழிப்பதில்லை. பட்டியலில் வராததைத் தனி ஃபோல்டரில் ஒதுக்கி வைக்கிறேன். பார்வையாளர்களின் பிரௌசர் எந்தக் கோப்பைக் கேட்கிறது என்று சர்வர் லாகைப் பார்க்கிறேன். ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய எச்.டி.எம்.எல். டேக்குகளைப் பிரிக்க, அதற்கென்றே உள்ள பார்ஸரைப் பயன்படுத்துகிறேன்.

தம்பி தங்கைகளே, ரெகுலர் எக்ஸ்பிரஷன் எதைப் பிடிக்கும் என்று மட்டுமல்ல, எதைப் பிடிக்காது என்றும் அதே பாடத்தில் நம் ஆசிரியர் நடத்தினார். அந்த வகுப்பு நடந்தபோது நான் கேன்டீனில் இருந்தேன். நீங்க இருக்காதீங்க!